விழுக்காடு பேசும் அவையும் விடுபட்ட கணக்கும்



ஆண்டு ஒன்று முடிந்ததும் நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவர், ஆவடி டேங்க் ஃபேக்டரியில் பணி ஓய்வு பெற்றவர், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கடை நடத்துபவர் ஆகிய எல்லோரும் ஜுமுஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கையில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: "இந்த வருஷம் உங்களுக்கு எத்தனை பர்சன்ட் பாய்?" ஒருவர் தங்கம் என்கிறார். ஒருவர் ஃபண்டு என்கிறார். ஒருவர் மனை என்கிறார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, மாதாமாதம் 'லாபம்' கைக்கு வந்துவிடுகிறது என்கிறார். பெரிய எண்ணைச் சொன்னவர் அறிவாளியாகிறார். சிறிய எண்ணைச் சொன்னவர் வெட்கத்தோடு வீடு திரும்புகிறார்.

செல்வத்தைப் பெருக்குவது குற்றமன்று. ஒருவர் அனுபவத்திலிருந்து மற்றவர் கற்பதும் குற்றமன்று. வணிகம் செய்த நபியின் (ஸல்) சமுதாயம் நாம். ஆனால் ஓராண்டு விழுக்காட்டை மட்டும் வைத்து நடக்கும் இந்த ஒப்பீடு கணக்காகவும் தவறு, மார்க்கமாகவும் தவறு. நம்மைச் சூறையாடிய ஒவ்வொரு மோசடித் திட்டத்துக்கும் இலவச விளம்பரமாக அமைந்ததும் இதுவே. ஆகவே இதை நல்லெண்ண உரையாடல் என்று இனியும் விட்டுவைக்க இயலாது.

ஓராண்டு எதையும் நிறுவாது

முதலில் 2025ஆம் ஆண்டின் வெற்றியாளரை எடுத்துக்கொள்வோம். அவர் தங்கம் வாங்கியவர். ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆபரணத் தங்கம் சவரன் 57 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தொட்டது. "75 விழுக்காடு" என்று அவர் சொல்வது அங்காடி விலையைப் பொறுத்தவரை உண்மை.

ஆனால் அவர் வாங்கியது நகை. செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்ந்து 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 3 விழுக்காடு சரக்கு சேவை வரியும் கட்டி, அந்தச் சவரன் அவர் கைக்கு வந்த விலை ஏறத்தாழ 65,750 ரூபாய். விற்கப் போகும்போது கடைக்காரர் இரண்டரை விழுக்காடு கழித்தால் கையில் நிற்பது 97,500. ஆக, அவருடைய வருவாய் 48 விழுக்காடு. அதுவும் நல்ல வருவாயே. ஆயினும் வாயிலில் சொல்லப்பட்டது 75. இடையில் காணாமற்போன 27ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் இறுதியில் சவரன் 24 ஆயிரத்தை ஒட்டி விற்றது. 2015இன் நடுவில் அது 19 ஆயிரத்தை நெருங்கி இறங்கியிருந்தது. அந்த உச்சத்தில் மகளின் திருமணத்துக்கென்று வாங்கி வைத்த தகப்பனார் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருந்து ஐந்தில் ஒரு பங்கை இழந்தார். அதே உலோகம், அதே கடைத்தெரு. 2025ஐ மட்டும் பார்ப்பவர் தங்கம் என்றால் ஏறுவது என்று முடிவுகட்டுவார். 2015ஐ மட்டும் பார்த்தவர் தங்கம் என்றால் இறங்குவது என்று முடிவுகட்டியிருப்பார். இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

சராசரி என்ற பெயரிலும் நாம் ஏமாறுகிறோம். ஒருவர் முதலாண்டில் 60 விழுக்காடு ஈட்டி, மறு ஆண்டில் 40 விழுக்காடு இழந்தார் என்று கொள்வோம். சராசரி ஆண்டுக்கு 10 என்று அவர் சொல்லலாம். அவர் போட்ட ஒரு லட்சம் உண்மையில் 1,60,000 ஆகிப் பின்னர் 96,000 ஆகிவிட்டது. ஆண்டுதோறும் 9 விழுக்காடு மட்டும் ஈட்டி வாய் திறக்காமல் இருந்தவரிடம் 1,18,810 இருக்கிறது. பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர 50 விழுக்காடு ஏறினால் போதாது. 100 விழுக்காடு ஏற வேண்டும். வீழ்ச்சியின் ஆழத்தைச் சொல்லாமல் உயர்வை மட்டும் சொல்பவர் பாதிக் கணக்கையே சொல்கிறார்.

எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. மாதம் 10 ஆயிரம் வீதம் எஸ்ஐபி முறையில் 12 மாதங்கள் செலுத்தியவரிடம் ஆண்டு முடிவில் 1,26,000 இருந்தால், "வெறும் 5 விழுக்காடுதான்" என்று அவர் மனம் வாடுகிறார். முதல் மாதத் தவணை ஓராண்டு உழைத்தது. கடைசித் தவணை ஒரு மாதமே உழைத்தது. சராசரியாகப் பார்த்தால் அவர் பணம் ஆறரை மாதங்களே முதலீட்டில் இருந்தது. ஆகவே ஆண்டு விகிதத்தில் அவருடைய வருவாய் ஏறத்தாழ 9 விழுக்காடு. இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாமையால், நிதானமாக நடந்தவர் தோற்றவரைப் போலத் தலைகுனிந்து, அடுத்த ஆண்டு வேறு வழி தேடுகிறார். அந்த வேறு வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஹலால் முதலீட்டை விழுக்காட்டால் எடைபோடுவோர்

நம்மிடையே ஷரீஆ முறைப்படி வடிகட்டப்பட்ட ஃபண்டுகளில் முதலிடுவோர் தொகை பெருகிவருகிறது, அல்ஹம்துலில்லாஹ். டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டைப் பின்பற்றும் பங்குச்சந்தை நிதி ஆகியவை பலரும் அறிந்தவை. இவை வங்கிகள், வட்டி நிதி நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், மது, புகையிலை ஆகியவற்றை விலக்குகின்றன. எஞ்சிய நிறுவனங்களிலும் கடன் அளவுக்கு மிஞ்சியவற்றைத் தள்ளிவிடுகின்றன.

இதன் விளைவை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிஃப்டி 50 குறியீட்டில் வங்கியும் நிதித்துறையும் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடித்திருக்கின்றன. அதை அப்படியே நீக்கினால் எஞ்சுவது தகவல் தொழில்நுட்பம், மருந்து, நுகர்பொருள், எரிசக்தி முதலிய சில துறைகள். எனவே வங்கிகள் ஏறும் ஆண்டில் ஷரீஆ ஃபண்டு பின்தங்கும். மென்பொருள் துறை ஏறும் ஆண்டில் முந்தும். 2020இல் நிஃப்டி வங்கிக் குறியீடு சற்றே இறங்கி முடிந்தது. தகவல் தொழில்நுட்பக் குறியீடு 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. 2025இல் காட்சி தலைகீழானது: வங்கிகள் ஏறின, மென்பொருள் துறை 10 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.

2020இல் சிலர் மகிழ்ந்து, ஹலாலில் போட்டால் அல்லாஹ் கூடுதலாகக் கொடுக்கிறான் என்று குறுஞ்செய்தி பரப்பினார்கள். 2025இல் வேறு சிலர், ஹலால் பார்த்தால் நட்டம்தான், மற்றவர்களைப் போல நாமும் போடுவோம் என்கிறார்கள். இரு தரப்பையும் நான் மறுக்கிறேன். வட்டியைத் தவிர்ப்பது அதிக விழுக்காடு தருவதற்காக அன்று. அல்லாஹ் தடுத்தான் என்பதற்காக. திருக்குர்ஆன் 2:275 வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடை செய்தபோது, வணிகத்தில் ஆண்டுதோறும் வட்டியைவிடக் கூடுதல் கிடைக்கும் என்று உறுதி கொடுக்கவில்லை. பரக்கத்தைப் பங்குச்சந்தைக் குறியீட்டால் அளக்கத் தொடங்கியவர், குறியீடு சரியும் ஆண்டில் ஈமானையும் சேர்த்துத் தளர்த்திக்கொள்வார். அல்லாஹ் அளிக்கும் வாழ்வாதாரத்தையும் ரிஸ்க் என்றே எழுதுகிறோம். சந்தை தரும் அபாயத்தையும் ரிஸ்க் என்றே எழுதுகிறோம். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது அறியாமை.

அபாயம் என்பது பொருளில் மட்டும் இல்லை. தேவை வரும் நாளிலும் இருக்கிறது. 2024 செப்டம்பர் இறுதியில் நிஃப்டி 50 குறியீடு 26,200ஐத் தாண்டி நின்றது. 2025 மார்ச் தொடக்கத்தில் அது 22,100ஐ ஒட்டி இறங்கியிருந்தது. ஐந்தே மாதங்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு வீழ்ச்சி. அந்த மார்ச்சில் மகளின் நிக்காஹ் செலவுக்குப் பணத்தை எடுத்தவருக்கு இழப்பு. எடுக்கத் தேவையில்லாமல் ஆண்டு இறுதிவரை பொறுத்தவருக்கு ஆதாயம். இருவரும் ஒரே நாளில், ஒரே ஃபண்டில், ஒரே தொகையைப் போட்டவர்களாகவும் இருக்கலாம். இவர்களில் யார் அறிவாளி? விழுக்காடு இதற்கு விடை சொல்லாது. இரண்டாண்டுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் வைக்கலாகாது என்ற எளிய பாடம்தான் விடை. அந்தப் பாடம் வாயிற்பேச்சில் ஒருபோதும் வருவதில்லை.

வென்றவர் பேசுகிறார், தோற்றவர் மறைகிறார்

இளைஞர்களிடையே ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் பரவியிருக்கிறது. கைப்பேசியில் காலையில் போட்டு மாலைக்குள் எடுத்துவிட்டதாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. மறு ஆண்டு வெளியான ஆய்வில், 2024-25இலும் 91 விழுக்காட்டினர் இழந்ததும், ஒரே ஆண்டின் நிகர இழப்பு ஒரு லட்சம் கோடியைக் கடந்ததும் தெரியவந்தன.

பத்துப் பேரில் ஒன்பது பேர் தோற்கும் ஓர் ஆட்டத்தைப் பற்றி நம் குழுக்களில் ஏன் வெற்றிச் செய்திகள் மட்டுமே வருகின்றன? தோற்ற ஒன்பது பேரும் பேசுவதில்லை என்பதே காரணம். அவர்கள் தொழுகை முடிந்ததும் பின்வாசல் வழியே போய்விடுகிறார்கள். எஞ்சிய ஒருவர் வாயிலில் நின்று விளக்கம் தருகிறார். கேட்பவர் அவரையே உலகம் என்று நம்புகிறார்.

மார்க்கத்தின் நிலையோ இன்னும் வெளிப்படையானது. தன்னிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்குத் தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஒருவர் பெறுவது முழுவதும் மற்றவர் இழப்பதாக இருக்கும் பந்தயம் மைஸிர், அதாவது சூது. அதன் பொருள் சீட்டாக இருந்தாலும் குறியீட்டு எண்ணாக இருந்தாலும் தன்மை மாறாது. உலக ஃபிக்ஹு மன்றங்களும் வழக்கிலுள்ள ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களை ஏற்கவில்லை. ஆகவே, இதில் எத்தனை விழுக்காடு வந்தது என்று ஒப்பிடுவதற்கே இடமில்லை.

மாதாமாதம் வரும் 'லாபம்'

இப்போது குரல் தாழ்த்திப் பேசியவரிடம் வருவோம். நம் பகுதிக்கு மிக அருகில் நடந்ததைச் சொல்கிறேன். அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆருத்ரா கோல்டு நிறுவனம், ஒரு லட்சம் போட்டால் மாதந்தோறும் 30 ஆயிரம் வரை தருவதாகச் சொல்லி, 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகத் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. மாதம் 15 விழுக்காடு என்ற வாக்குறுதியோடு ஹிஜாவு நிறுவனமும், வேலூர்ப் பக்கம் எல்என்எஸ் ஐஎஃப்எஸ் நிறுவனமும் அதே வரிசையில் வந்தன. அவற்றின் மீதும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்கு வழக்குகள் உள்ளன.

மாதம் 25 விழுக்காடு என்பதை நின்று நிதானித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்தை அந்த விகிதத்தில் மறுமுதலீடு செய்துகொண்டே போனால் 12 மாதங்களில் 14,55,000 ரூபாயைத் தாண்டும். இரண்டாவது ஆண்டின் முடிவில் இரண்டு கோடியை மிஞ்சும். உலகில் எந்த வணிகம் இதைத் தரும்? தந்தால், அந்த வணிகர் நம்மிடம் ஏன் கையேந்துகிறார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கணக்கு இது. ஆயினும் படித்தவர்களும் அதைப் போடவில்லை. அண்டை வீட்டுக்காரரின் கணக்கில் முதல் மாதம் பணம் வந்துவிட்டது; அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. மோசடிக்காரன் செய்த விளம்பரத்தைவிட, "எனக்கு வந்தது" என்று நாம் நமக்குள் சொல்லிக்கொண்டதே அதிகப் பேரை அழைத்துச் சென்றது.

மார்க்கத்தின் பெயரால் நடந்ததும் உண்டு. பெங்களூரு சிவாஜி நகரை மையமாகக் கொண்டிருந்த ஐஎம்ஏ நிறுவனம் தன்னை ஹலால் முதலீடு என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. தொப்பியும் தாடியும் தானதருமமும் அதன் முகமாக இருந்தன. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டை விட்டு வெளியேறினார்; ஜூலையில் திரும்பியபோது தில்லியில் கைதானார். பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், ஓய்வூதியப் பணத்தையும் நகையையும் இழந்து காவல் நிலையத்தின் முன் வரிசையில் நின்றன.

இத்திட்டங்களை ஆராய அரபு மத்ரஸாவில் ஏழாண்டுகள் ஓத வேண்டியதில்லை. முளாரபா என்னும் பங்கு வணிகத்தில் லாபத்தைப் பங்கிடும் விகிதத்தை மட்டுமே முன்கூட்டிப் பேசலாம். இவ்வளவு ரூபாய் என்று தொகையை உறுதிசெய்யக் கூடாது. இழப்பு வந்தால் முதலை அது பாதிக்கும் என்பதை ஏற்பதே அந்த ஒப்பந்தத்தின் உயிர். அசலுக்கு உத்தரவாதம், அதன்மேல் மாதந்தோறும் நிலையான தொகை என்று எவர் சொன்னாலும், அதற்கு லாபம், ஹதியா, இன்சென்டிவ் என்று எப்பெயர் சூட்டினாலும், அது வட்டி. இழப்பின் பொறுப்பைச் சுமக்காதவருக்கு ஆதாயத்தில் உரிமையில்லை என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. ஆகவே மாதாந்திர உறுதி என்ற சொல்லே நமக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாமோ அதையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொண்டோம்.

இங்கே கசப்பான ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இத்தகைய திட்டங்களில் தொடக்கத்திலேயே சேர்ந்து, போட்டதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, சரிவதற்கு முன் வெளியேறியவர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். அவர்களை 'நேரம் பார்த்து வெளியே வந்த கெட்டிக்காரர்' என்று நாம் புகழ்கிறோம். அவர் கையில் இருக்கும் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது? அங்கே வணிகமே நடக்கவில்லையென்றால், பின்னால் வந்த ஏழையின் அசல்தான் அது. வட்டியிலிருந்து மீள்பவருக்கு அவருடைய அசல் மட்டுமே உரியது என்று 2:279 வரம்பிட்டுவிட்டது. ஆள் சேர்த்துவிட்டுத் தரகு பெற்றவரின் நிலை இன்னும் கடினமானது. இவர்கள் தௌபாவோடு நிறுத்திக்கொள்ள முடியாது; அடியார்களின் உரிமை திருப்பிக் கொடுக்கப்பட்டாக வேண்டும். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ், முடக்கிய சொத்துகளை விற்றுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு உள்ளது. தாமாக முன்வந்து திருப்பிக் கொடுப்போருக்கு வழியில்லை என்பது சாக்கு.

விலை இரண்டு, தராசு இரண்டு

வாயிலில் 75 விழுக்காடு என்று முழங்கியவர் ரமளானில் ஜகாத் கணக்கிடும்போது எந்த விலையை எடுத்துக்கொள்கிறார்? பெருமைக்கு இன்றைய விலை, ஜகாத்துக்கு வாங்கிய விலை என்று இரு கணக்கு வைத்திருப்போரை நாம் அறிவோம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும் பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே, அல்முதஃப்ஃபிஃபீன், இறங்கியிருக்கிறது. அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முதலீடு என்று வாங்கிப் பூட்டிவைத்த தங்கக் காசுக்கும் கட்டிக்கும் அந்த வேறுபாட்டைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. ஏறிய விலையில் பேசியவர் ஏறிய விலையிலேயே இரண்டரை விழுக்காட்டைக் கொடுக்கட்டும். ஐந்து லட்சம் எட்டரை லட்சமாகிவிட்டது என்பவரின் ஜகாத் 12,500 அன்று, 21,250.

ஜகாத்தைச் செலவுக் கணக்கில் எழுதி, அது என் வருவாயைக் குறைத்துவிட்டது என்று குறைபடுவோரும் இருக்கிறார்கள். தர்மம் செல்வத்தைக் குறைப்பதில்லை என்ற நபிமொழியை நாம் உண்டியல் குலுக்கும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

எழுப்பப்படும் மறுப்புகள்

"வட்டியில்லா வங்கியே இல்லாத நாட்டில் நாங்கள் என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. ரகுராம் ராஜன் குழு 2008இலேயே வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. இந்தக் குறை உண்மையானது. ஆனால் நல்ல கதவு மூடியிருப்பது கண்ட கதவில் நுழைவதற்கு அனுமதியாகாது. செபியில் பதிவுபெற்ற ஷரீஆ ஃபண்டுகள் உள்ளன. தங்கக் காசு உள்ளது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக உள்ள மனை உள்ளது. அனைத்துக்கும் மேலாக, நமக்குத் தெரிந்த ஒருவரின் கண்ணெதிரே நடக்கும் தொழிலில் எழுத்துப்பூர்வமாக லாப நட்டப் பங்காளியாகச் சேர வழி உள்ளது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு புதிய இயந்திரம் வாங்க வட்டிக்கு அலையும் நம் பட்டறைக்காரரும், பணத்தை எங்கே போடுவதென்று தெரியாத நம் ஓய்வூதியரும் ஒரே ஸஃப்பில் அருகருகே தொழுகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியவில்லை; ஆனால் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை இருவரும் அறிவார்கள்.

"ஒப்பிடாமல் எப்படிக் கற்பது?" என்பது இரண்டாவது மறுப்பு. ஒப்பிடுங்கள், ஆனால் முழுக் கணக்கை ஒப்பிடுங்கள். விழுக்காடு சொல்பவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். போட்ட பணம் சொந்தமா, கடனா, அடகு வைத்த நகையா? அந்தப் பணம் எந்தத் தொழிலில், எந்தப் பதிவின் கீழ் உழைத்தது? இடையில் ஆழமாக வீழ்ந்த நாளில் எவ்வளவு குறைந்திருந்தது, அந்நாளில் பணம் தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செலவும் வரியும் போக, ஃபண்டாயின் கலந்துவிட்ட ஆகாத வருவாயைப் பிரித்துக் கொடுத்தது போக, கையில் நின்றது எவ்வளவு? ஓராண்டை விட்டு, ஐந்தாண்டுக்கோ ஏழாண்டுக்கோ கணக்கு என்ன? இந்த ஐந்துக்கும் விடை சொல்பவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சொல்ல மறுப்பவர் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் ஸலாம் சொல்லி நகருங்கள்.

வரி என்றால் அதற்கும் கணக்கு உண்டு. 2024 ஜூலை 23க்குப் பிறகு, ஓராண்டுக்குள் விற்ற பங்கின் ஆதாயத்துக்கு 20 விழுக்காடும், அதற்குப் பின் விற்றதற்கு ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 விழுக்காடும் போகிறது. அடிக்கடி வாங்கி விற்றுப் பெரிய எண்ணைச் சொல்பவரின் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையதன்று.

ஜமாஅத்துகளின் பொறுப்பு

இனி நம் நிர்வாகிகளிடம் சில சொற்கள். பள்ளிவாசல் வளாகத்திலோ, ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலோ எந்த முதலீட்டுத் திட்டத்தையும் அறிமுகப்படுத்த இடம் தராதீர்கள்; அறிமுகப்படுத்துபவர் நன்கொடையாளராக இருந்தாலும் சரி. திட்டக் கையேட்டை மட்டும் பார்த்து ஹலால் என்று சொல்லுமாறு இமாம்களை நெருக்காதீர்கள். கணக்குப் புத்தகம் காட்டப்படாத தொழிலுக்குத் தீர்ப்புக் கேட்பது அந்த ஆலிமுக்குச் செய்யும் அநீதி. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். செபியின் பதிவையும் அவ்வாறே பார்க்கலாம். கணவரை இழந்த சகோதரி தம் கையிருப்பை எங்கே வைப்பதென்று கேட்டுவரும்போது அதைப் பார்த்துச் சொல்ல மஹல்லாவுக்கு இருவரை நியமியுங்கள். இது உங்களுக்கு ஒரு மணிநேர வேலை. அவருக்கு வாழ்நாள் சேமிப்பு.

மறுமையில் செல்வத்தைப் பற்றி மனிதனிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்: எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பவை அவை. எத்தனை விழுக்காடு என்ற கேள்வி அங்கே இல்லை. ஒருவரையொருவர் மிஞ்சும் ஆசையில் மண்ணறை சேரும்வரை மூழ்கிக் கிடப்போரை எச்சரிக்கும் அத்தகாஸுர் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டு, வாயிலுக்கு வந்ததும் அதே போட்டியில் இறங்குவது முரண். அடுத்த ஜுமுஆவில் யாராவது "எத்தனை பர்சன்ட் பாய்?" என்று கேட்டால், அந்த ஐந்து கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அன்றே ஒரு குடும்பம் காப்பாற்றப்படலாம்.

வல்ல அல்லாஹ் நம் பொருளீட்டலைத் தூய்மையானதாக்கி, இழந்தவர்களுக்கு மேலானதைப் பகரமாக வழங்கி, பிறர் உடைமையிலிருந்து நம் கைகளைக் காப்பானாக. ஆமீன்.